சேவையே வழிபாடாக வாழ்ந்த டாக்டர் ஐடா ஸ்கடர்

மருத்துவமனையைக் கட்டுவதற்குப் பொருள் வேண்டும். அதை நெறி தவறாது நடத்துவதற்கோ தன்னலம் துறந்த உள்ளம் வேண்டும். அத்தகைய உள்ளம் படைத்தவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர்.

ஐடா 1870, டிசம்பர் 9-ஆம் நாள் ராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர்கள். குழந்தைப் பருவத்தில் பஞ்சத்தின் கொடுமையைக் கண்டிருந்த ஐடாவுக்கு இந்தியாவில் வாழும் விருப்பம் இல்லை. அமெரிக்காவில் பயின்றுவந்த அவர், 1890-இல் நோயுற்ற தாயாருக்கு உதவத் திண்டிவனம் வந்தபோதும் விரைவில் திரும்பிவிடவே எண்ணியிருந்தார்.

அந்த எண்ணத்தை ஓர் இரவு மாற்றியது. பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியைக் காப்பாற்றுமாறு இரு இந்துக்களும் ஒரு முஸ்லிமும் ஒருவர்பின் ஒருவராக வந்து ஐடாவை வேண்டினர். மருத்துவம் அறியாத அவர் தம் தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு கூறினார். அந்நிய ஆடவர் பெண்களைத் தொட்டுச் சிகிச்சை செய்வதை ஏற்க மூவருமே மறுத்துவிட்டனர். பொழுது விடிந்ததும், மூன்று பெண்களும் இறந்துவிட்ட செய்தி வந்தது. பெண்களுக்குப் பெண் மருத்துவர் இல்லாமையே அம்மரணங்களுக்குக் காரணம் என்பதை உணர்ந்த ஐடா, அப்பணிக்கே தம் வாழ்வை அர்ப்பணித்தார்.

கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்று, மருத்துவமனைக்கென ஒருவர் தம் மனைவியின் நினைவாக வழங்கிய 10,000 டாலருடன் 1900-இல் இந்தியா திரும்பினார். அதே ஆண்டில் தந்தையார் மறைந்தார். எனினும் தளராமல் வேலூரில் சிறிய அளவில் சிகிச்சையைத் தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. வர இயலாத கிராம மக்களைத் தேடிச் சென்று, சாலையோர மரநிழலிலேயே மருந்தளித்தார்.

தாம் ஒருவரே எத்தனை பேரைக் காக்க முடியும் என்று சிந்தித்த அவர், 1909-இல் செவிலியர் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். மூன்று பேர்கூட விண்ணப்பிப்பது ஐயமே என்று அரசு மருத்துவ அதிகாரி எச்சரித்திருந்தார். வந்தவையோ 151 விண்ணப்பங்கள்! 1922-இல் தேர்வெழுதிய முதல் அணியினர் 14 பேரும் வெற்றி பெற்றனர்.

கடும் சோதனை பின்னரே வந்தது. மருத்துவப் படிப்பு பட்டப்படிப்பாகவே இருக்க வேண்டும் என்று 1930-களின் இறுதியில் சென்னை மாகாண அரசு வகுத்தது. அதற்குரிய படுக்கைகளும் ஆய்வுக்கூடங்களும் ஆசிரியர்களும் பள்ளியில் இல்லை. எழுபது வயதைக் கடந்த நிலையிலும் ஐடா அமெரிக்கா சென்று ஊர் ஊராக நிதி திரட்டினார். பல திருச்சபைகள் ஒன்றுசேர்ந்து, ஆண்களையும் சேர்த்துக்கொண்டாலன்றிக் கல்லூரி நிலைக்காது என்பது தெளிவாயிற்று. பெண்களுக்காகப் பெண்கள் கொடுத்த நிதியை இவ்வாறு பயன்படுத்துவது முறையன்று என நெடுநாள் ஆதரவாளர்களே எதிர்த்தனர். அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. அவருடைய வாழ்நாள் இலட்சியமும் அதுவே. ஆயினும் கல்லூரி மூடப்பட்டால் இழப்பு நோயாளிகளுக்கும் வருங்கால மாணவியருக்கும்தான் என்பதை எண்ணி, அவர் மாற்றத்தை ஏற்றார். 1947-இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தனர். பெண்களுக்கான கல்வியும் தடையின்றித் தொடர்ந்தது.

1946-இல் ஓய்வுபெற்ற அவர் பதவியைப் பற்றிக்கொண்டிருக்கவில்லை. சில ஆண்டுகளுக்குள் டாக்டர் ஹில்டா லாசரஸ் அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1960, மே மாதம் கொடைக்கானலில் ஐடா இறைவனடி சேர்ந்தார்.

தாம் வளர்த்த நிறுவனத்தைத் தம் உடைமையாகக் கருதாமல், இறைவன் ஒப்படைத்த பொறுப்பாகவே கருதினார் ஐடா அம்மையார். பொதுப்பணியில் தலைமை ஏற்போர் ஒவ்வொருவரும் நெஞ்சில் பதிக்க வேண்டிய பாடம் அது.