முதலாம் வாத்ஸ்லாவ்

முதலாம் வாத்ஸ்லாவ் (இறப்பு: செப்டம்பர் 28, 935, 929 எனவும் கூறுவர்) பொகீமியாவின் கோமகனும் செக் மக்களின் காவல் புனிதரும் ஆவார். ஆங்கிலத்தில் வென்செஸ்லாஸ் என அறியப்படுகிறார்.

பெயர்

மிகுதி, புகழ் எனப் பொருள்படும் இரு சிலாவியச் சொற்களால் ஆன இப்பெயர், மிகுபுகழ் உடையவன் எனப் பொருள் தரும். இவரது தம்பியின் பெயரான பொலெஸ்லாவ் என்பதற்கும் ஏறத்தாழ இதே பொருளாகும்.

வாழ்க்கை

921 இல் தந்தை விராத்திஸ்லாவ் இறந்தார். அதே ஆண்டில், வாத்ஸ்லாவை வளர்த்த பாட்டி லுத்மிலா கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டார். வாத்ஸ்லாவ் பிராகா நகரில் புனித விட்டஸ் தேவாலயத்தை எழுப்பினார். 929 இல் செருமானிய அரசர் முதலாம் ஹென்றிக்குப் பணிந்தார்.

இறப்பு

தம்பியின் அழைப்பை ஏற்று ஸ்டாரா பொலெஸ்லாவ் சென்றபோது, தேவாலய வாயிலில் தம்பியின் ஆட்களால் கொல்லப்பட்டார். பொலெஸ்லாவே அடுத்து ஆட்சிக்கு வந்தார். வாத்ஸ்லாவ் இறந்த செப்டம்பர் 28, செக் குடியரசில் 2000 முதல் பொது விடுமுறை நாளாகும்.