நோயிலும் தளரா நோக்கு: புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார்

நோயற்ற வாழ்வைக் குறைவற்ற செல்வமெனப் போற்றுபவர் நாம். ஆயின், உடலில் நோயில்லாதிருந்தும் வாழ்வு பாரமாகிவிடுவதுண்டு; நோய்ப்படுக்கையிற் கிடந்தும் வாழ்வு பயனுள்ளதாய் அமைவதுண்டு. இவ்விரண்டையும் தம் வாழ்நாளிலேயே கண்டவர் புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார்.

1820ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி, இத்தாலி நாட்டின் புளோறன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவர் பெயருமாயிற்று. தந்தையாரே ஆசிரியராயமைந்து கிரேக்கம், இலத்தீன், வரலாறு முதலியவற்றைக் கற்பித்தார். பதினாறாம் வயதில், இறைவன் தம்மைத் தொண்டுக்கு அழைக்கின்றான் என்ற உணர்வு அவருள்ளத்தில் எழுந்தது. நோயாளரைப் பேணுவதே அத்தொண்டு என்பது பின்னர் தெளிவாயிற்று. பெற்றோரோ இசையவில்லை. அக்காலத்து வைத்தியசாலைகள் அழுக்கு மலிந்தவை. தாதித் தொழில் நற்குடிப் பெண்களுக்கு இழுக்கெனக் கருதப்பட்டது.

விருந்திலும் கேளிக்கையிலும் ஆண்டுகள் கழிந்தன. உணவுக்கோ உடைக்கோ குறைவில்லை. ஆயினும், செய்தற்குரிய பணி ஏதுமின்றி உள்ளம் சோர்ந்தது. முப்பது வயதளவில் மரணத்தையே விரும்புமளவிற்கு அவர் மனம் நொந்தார்.

1851ஆம் ஆண்டு, ஜேர்மனியின் றைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வேர்த் தொண்டு நிலையத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் பயிற்சி பெற்றார். அதிகாலையில் எழவேண்டும், உணவு எளியது, வேலையோ பெரிது. மாளிகையில் வாடியவர் அங்கே மலர்ந்தார். வாழ்வை நேசிப்பது இன்னதென்பதை அங்கேதான் அறிந்ததாக வீட்டாருக்கு எழுதினார்.

கிறிமிய யுத்தம் மூண்டதும், 1854ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 38 பெண்களுடன் துருக்கியிலுள்ள ஸ்கூற்றாரி இராணுவ வைத்தியசாலையை அடைந்தார். காயத்தினால் மாண்ட வீரரிலும் வயிற்றோட்டம், காய்ச்சல் முதலிய நோய்களால் மாண்டோரே அதிகம். இரவில் விளக்கேந்தி நோயாளரைப் பார்த்து வந்த அவரை உலகம் இன்றும் நினைவுகூர்கின்றது. ஆனால், அன்பு மாத்திரம் அவ்வீரரைக் காக்கவில்லை. 1855ஆம் ஆண்டு மார்ச் மாதம் சுகாதாரக் குழுவொன்று வந்து, கட்டடத்தின் கீழிருந்த வடிகான்களைச் சுத்தஞ் செய்து, காற்றோட்டத்துக்கும் வழிசெய்தது. பெப்ரவரியில் நூற்றுக்கு 42 ஆக இருந்த இறப்பு, யூன் மாதத்தில் 2 அளவிற்கு இறங்கியது. மனவுறுதி எவ்வளவு பெரிதாயினும், தூய நீருக்கும் காற்றுக்கும் அது ஈடாகாது என்பதை இக்கணக்கிலிருந்து அம்மையார் பின்னர் உணர்ந்தார்.

அவ்வாண்டு மே மாதம் கடுங் காய்ச்சல் அவரையும் பற்றியது. உயிர் தப்பியதேயன்றி உடல்நலம் முன்போல் மீளவில்லை. 1857ஆம் ஆண்டு முதல் நெடுங்காலம் பெரும்பாலும் அறையிலும் படுக்கையிலுமே கழித்தார். முதுகுநோவு, படபடப்பு, தாங்கொணாக் களைப்பு என்பன வாட்டின. இது புரூசெல்லா என்னும் கிருமியால் வந்த நோயாகலாமென்பது இக்கால வைத்தியர் சிலரின் கருத்து.

ஆனால், முன்பு மரணத்தை விரும்பிய அதே பெண்மணி இப்பொழுது ஒவ்வொரு நாளையும் பணிக்காகப் போற்றினார். படுக்கையிலிருந்தே அறிக்கைகளும் கடிதங்களும் நூல்களும் எழுதினார். 1860ஆம் ஆண்டு, இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் தாதியர் பயிற்சிப் பாடசாலை எழுந்தது. இந்தியாவில் ஒருநாளேனும் கால்வைக்காதவர், அங்கே பிரித்தானியப் படையினருள் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் மடிவதைக் கணக்கிட்டுக் காட்டி, சுகாதாரச் சீர்திருத்தத்துக்காக ஓயாது உழைத்தார். 1910ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் திகதி, 90ஆம் வயதில் அமைதியாக மறைந்தார்.

வாழ்வில் நோக்கமுடையோர் சராசரியில் நீண்டகாலம் வாழ்கின்றனரென இக்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நோக்கமே அதற்குக் காரணமென அறுதியிட்டுக் கூறுவதற்கில்லை. அம்மையாரின் நோக்கம் அவரது நோயைப் போக்கவில்லை. நோயாளியாக மாத்திரம் வாழ்ந்து முடியாதவாறு அவரைக் காத்தது. நோய்க்கு மருந்தையும் வைத்தியரையும் நாடுவோம். ஆனால், சுகதேகியாயிருக்கும் இளைஞர் ஒவ்வொருவரும் இந்தச் சுகம் எதற்காக என்று தம்மைக் கேட்டுக்கொள்வாராக.