டோரேமானா, ஹட்டோரியா? ரெண்டும் ஒரே நட்பில் பிறந்த கதை

குன்னூரில் ஜூலை மழை பிடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு வெளியே வேலை கிடையாது. மைதானம் முழுக்கச் சேறு, தேயிலைத் தோட்டத்தை மேகம் மூடியிருக்கும். கலெக்டர் லீவு விட்டுவிட்டால் நாள் பூரா டிவிதான். எஸ்டேட் லைன் வீடோ, டவுன் வீடோ, ரிமோட் சண்டை மட்டும் ஒன்றுதான்: டோரேமானா, ஷின்சானா, நிஞ்ஜா ஹட்டோரியா? அப்படிச் சண்டை போட்டு வளர்ந்து இப்போது கோவையிலும் பெங்களூருவிலும் ஐடி வேலை பார்ப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். இன்னும் கட்சி மாறியிருக்க மாட்டார்கள்.

ஷின்சான் தனிக் கதை. ஆனா டோரேமானும் ஹட்டோரியும்? அங்கேதான் ட்விஸ்ட். இரண்டையும் படைத்தவர்கள் ஒரே ஸ்கூலில் படித்த நண்பர்கள். பல வருஷம் ஒரே புனைபெயரில் எழுதி வரைந்தவர்கள். அந்த இருவரில் டோரேமானைத் தந்தவர் ஹிரோஷி ஃபுஜிமோட்டோ.

நோபிதா மாதிரி ஒரு பையன்

ஜப்பானின் டொயாமா மாகாணத்தில் தகாவோகா என்ற ஊர். அங்கே 1933 டிசம்பர் 1-ல் பிறந்தார் ஃபுஜிமோட்டோ. ஒல்லி, கூச்ச சுபாவம், விளையாட்டில் சுமார். நோபிதா தானேதான் என்று பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயத்தில் அவர் வகுப்பில் மோட்டூ அபிகோ என்ற பையன் புதிதாக வந்து சேர்ந்தான். அவனும் நோட்டில் படம் வரைகிறவன். அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டார்கள்.

ஒசாமு தெசுகாவின் காமிக்ஸ்தான் இருவருக்கும் வெறி. ஸ்கூல் முடிந்ததும் ஃபுஜிமோட்டோ ஒரு மிட்டாய் கம்பெனியில் சேர்ந்து, சில நாளிலேயே வேலையை விட்டார். அபிகோவுக்கு உள்ளூர்ப் பத்திரிகையில் நல்ல வேலை. 1954-ல் அதையும் உதறச் சொல்லி நண்பனை டோக்கியோவுக்கு இழுத்துக்கொண்டு போனவர் இந்தக் கூச்சக்காரர்தான்.

முதலில் தங்கியது இரண்டு பாய் விரிக்கிற அளவு அறை. பிறகு டொகிவா-சோ என்ற பழைய அபார்ட்மென்ட்டில் தெசுகா காலி செய்த அறை கிடைத்தது. கட்டியிருந்த அட்வான்ஸையும் மேஜையையும் அவர் இந்த இருவருக்கே விட்டுவிட்டுப் போனார்.

1955 புத்தாண்டுக்கு ஊருக்குப் போனவர்கள் சோம்பலில் டெட்லைனைக் கோட்டைவிட்டார்கள். ஒன்றிரண்டு இல்லை, கையிலிருந்த தொடர்களில் பெரும்பாலானவை. எடிட்டர்களின் தந்திகள் வந்தபடி இருந்தன. அதன்பின் கிட்டத்தட்ட ஒரு வருஷம் யாரும் வேலை தரவில்லை. கரியரே முடிந்திருக்க வேண்டியது. எப்படியோ மீண்டு வந்து, 1964-ல் ‘ஒபாகே நோ க்யூ-டாரோ’ என்ற குட்டிப் பேய் கதையால் ஜப்பான் முழுக்கப் பிரபலமானார்கள். புனைபெயர் ஃபுஜிகோ ஃபுஜியோ. வாசகருக்கு அது ஒரே ஆள். உள்ளுக்குள் ஆளுக்கொரு தொடரைத் தனித்தனியாக வரைந்தார்கள். ஹட்டோரி அபிகோவுடையது. பெர்மேன், கிடெரெட்சு இரண்டும் ஃபுஜிமோட்டோவுடையவை.

ஐடியாவே இல்லாமல் ஒரு விளம்பரம்

1969 கடைசியில் புதுத் தொடருக்கு முன்னறிவிப்பு வந்துவிட்டது. ஹீரோ யார் என்று ஃபுஜிமோட்டோவுக்கே தெரியாது! மேஜை டிராயரிலிருந்து ஏதோ குதித்து வருவது போல மட்டும் படம். நேரம் போகப் போக டென்ஷன். வீட்டில் மகளின் தஞ்சாவூர் பொம்மை மாதிரியான உருண்டை பொம்மை காலில் இடற, அதையும் பூனையையும் சேர்த்து யோசித்ததில் உருவானதுதான் காது இல்லாத நீலப் பூனை.

ஷோகாகுகான் நிறுவனம் வகுப்புவாரியாக நடத்திய ஆறு சிறுவர் பத்திரிகைகளில் 1970 ஜனவரி இதழ்களில் டோரேமான் தொடங்கியது. ஒரே மாதத்தில் சின்னக் குழந்தைக்கு ஒரு கதை, நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு வேறு கதை. மூணு வயசுப் பாப்பாவும் பத்து வயசு அண்ணனும் ஒன்றாக உட்கார்ந்து பார்க்க முடிவதன் ரகசியம் இந்த உழைப்புதான். ஷின்சான் பிறந்ததோ பெரியவர்களுக்கான வாரப் பத்திரிகையில். 2008-ல் இந்தியாவில் அது தடை வாங்கி, வெட்டுகளோடு திரும்பி வந்ததும் அதனால்தான்.

டோரேமானும் ஈஸியாக ஜெயிக்கவில்லை. 1973-ல் வந்த முதல் டிவி தொடர் ஆறு மாதத்தில் நின்றுபோனது. 1974-ல் ஃபுஜிமோட்டோ கதையையே முடித்தார்: டோரேமான் எதிர்காலத்துக்குத் திரும்ப வேண்டும், அது நிம்மதியாகக் கிளம்ப நோபிதா தனியாக நின்று ஜியானை ஜெயிக்க வேண்டும். எழுதியவராலேயே அந்தப் பிரிவைத் தாங்க முடியவில்லை. அடுத்த மாதமே டோரேமானைத் திரும்ப அழைத்துவிட்டார். 1979-ல் டிவி அசாஹியில் மறுபடி தொடங்கியது, சூப்பர் ஹிட்.

ஜப்பானில் அப்போதும் போட்டிக்கு ஆள் இருந்தது. மச்சிகோ ஹசெகாவாவின் ‘சசே-சான்’ 1969 முதல் ஓடுகிறது, உலகின் மிக நீண்டகால டிவி கார்ட்டூன் என்று கின்னஸில் இருக்கிறது. இந்தியக் குழந்தைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. ஹோம்வொர்க் செய்யாமல் திட்டு வாங்கும் நோபிதாவைப் புரிந்துகொள்ள ஜப்பான் தெரிய வேண்டியதில்லையே.

பிரிவு

1980-களில் ஃபுஜிமோட்டோவின் உடல்நிலை கெட்டது. யார் படைப்பு யாருக்கு என்பதில் பின்னால் குடும்பங்களுக்குள் சிக்கல் வரக் கூடாது என்று யோசித்தார்கள். 1987-ல் இருவரும் பிரிந்தார்கள், சண்டை எதுவும் இல்லாமல். ஒருவர் ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ ஆனார், மற்றவர் ஃபுஜிகோ ஃபுஜியோ ஏ.

1996 செப்டம்பரில் அடுத்த டோரேமான் படத்துக்கான கதையை வரைந்துகொண்டிருந்தபோது மேஜையிலேயே மயங்கி விழுந்தார் ஃபுஜிமோட்டோ. செப்டம்பர் 23-ல் இறந்தார். வயது 62. பாதியில் நின்ற கதையை உதவியாளர்கள் முடிக்க, 1997-ல் படம் வெளியானது.

டோரேமான் இந்தியாவுக்கு வந்தது 2005-ல், ஹங்காமா டிவியில். முதலில் இந்தி, பின்னர் தமிழும் தெலுங்கும். அமெரிக்க டிவிக்கே அது 2014-ல்தான் போனது. பின்னாடியே ஹட்டோரி, பெர்மேன், கிடெரெட்சு எல்லாம் இங்கே வரிசை கட்டின. 2012-ல் ஹட்டோரியின் புதுத் தொடரை இந்திய நிறுவனம் ஒன்று ஜப்பானிய ஸ்டூடியோவுடன் சேர்ந்து தயாரித்தது. 2022 வரை உயிரோடிருந்த அபிகோவின் காலத்திலேயே அது நடந்தது. டோக்கியோவுக்குப் போகலாம் என்று அவரை இழுத்துப் போன நண்பர் அப்போது இறந்து 16 வருஷம் ஆகியிருந்தது.