ஆகாயத்தை அளந்த கே லுஸாக்

கண்ணாரக் கண்டவன் சொல்லும் சாக்ஷியத்துக்கும், பிறர் சொல்லக் கேட்டவன் சொல்லும் சாக்ஷியத்துக்கும் உள்ள தாரதம்மியத்தை நியாயஸ்தலங்களில் பழகினவர்கள் அறிவார்கள். சாஸ்திர விசாரணைக்கும் அவ்விதியே பொருந்தும் என்பதைத் தமது 25-வது வயதில் நிரூபித்துக் காட்டிய ஒரு பெரியாரின் சரித்திரத்தை இன்று நமது வாசகர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறோம். பூமியின் உஷ்ணம் ஏறிவருவதைப் பற்றியும் கரியமில வாயுவைப் பற்றியும் எல்லா மேடைகளிலும் வாதம் நடக்கும் இக்காலத்துக்கு அவரது ஜீவியம் மிகவும் ஏற்றதாகும்.

ஜோஸப் லூயி கே லுஸாக், பிரான்ஸ் தேசத்தின் லிமோஸான் பிரதேசத்திலுள்ள ஒரு சிற்றூரில் 1778-ம் வருஷம் டிசம்பர் 6-ந் தேதி பிறந்தார். தகப்பனார் நியாய பரிபாலனத் துறையில் உத்தியோகம் வகித்தவர். பிரெஞ்சுப் புரட்சி உக்கிரமாயிருந்த நாட்களில் அவர் சிறைப்பட நேர்ந்தது. இத்துன்பங்களுக்கிடையிலும் மகனுடைய கல்வி தடைப்படவில்லை. புரட்சி அரசாங்கம் ஸ்தாபித்த பாலிடெக்னிக் கலாசாலையில் 1797-ல் சேர்ந்த அவ்வாலிபரை, பெர்த்தொலே என்ற ரஸாயன பண்டிதர் தமக்கு உதவியாளராக அமர்த்திக்கொண்டார். உஷ்ணம் ஏறும்போது எல்லா வாயுக்களும் ஒரே விகிதத்தில் விரிவடைகின்றன என்ற விதியை அவர் 1802-ல் வெளியிட்டார். ஷார்ல் என்பவர் அதை முன்பே ஒருவாறு கண்டும் அச்சிடாது விட்டிருந்தார். அவ்விஷயத்தை மறைக்காமல் கே லுஸாக் தாமே எடுத்துரைத்ததனால்தான் இன்றும் அது ஷார்லின் பெயரால் வழங்குகிறது.

அக்காலத்தில் மேல்வெளியைப் பற்றிப் பலவகை ஊகங்கள் உலவின. உயரே செல்லச் செல்லக் காந்த சக்தி குறைந்துவிடுகிறதென்று, 1803-ல் ஹாம்பர்க் நகரில் பலூன் ஏறிய ராபர்ட்ஸன் கூறினார். அங்குள்ள காற்றின் சேர்க்கையே வேறென்று கருதியவர்களும் உண்டு. ரஸாயன நிபுணரும் அப்போது மந்திரியுமாயிருந்த ஷாப்தால், பலூன் ஒன்றைக் கொடுத்து உதவினார். கே லுஸாக்கும் பியோ என்ற பண்டிதரும் 1804 ஆகஸ்டு 24-ந் தேதி பாரிஸிலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரம் சென்று திரும்பினார்கள். அது போதாதென்று கண்ட கே லுஸாக், பாரத்தைக் குறைப்பதற்காகச் செப்டம்பர் 16-ந் தேதி தனியாகவே ஏறினார். 7,016 மீட்டர், அதாவது சுமார் 23,000 அடி உயரத்தை அவர் எட்டினார். உஷ்ணமானி பூஜ்யத்துக்குக் கீழே 9½ டிகிரி காட்டியது. மூச்சு முட்டியது, நாடி படபடத்தது. அந்நிலையிலும், காற்று முழுவதும் வெளியேற்றப்பட்ட கண்ணாடிக் குடுவைகளைத் திறந்து, மேல்வெளிக் காற்றை அடைத்துக்கொண்டு இறங்கினார். பாரிஸில் அதைச் சோதித்ததில், பிராண வாயுவின் விகிதம் தரையிலுள்ளதைப் போலவே இருந்தது. காந்த சக்தியும் குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை. ஊகங்கள் ஒரே நாளில் வீழ்ந்தன.

அவருடைய பிற்கால வேலைகள் அனேகம். வாயுக்கள் எளிய எண் விகிதங்களிலேயே கூடுகின்றன என்ற விதியை 1808-ல் நிலைநாட்டினார். பொட்டாஸியத்தை வைத்துச் சோதனை செய்தபோது நேர்ந்த வெடிவிபத்தில் கண்கள் பழுதுற்றும் அவர் தளரவில்லை. 1831-ல் பிரதிநிதி சபை அங்கத்தினரானார். 1850-ம் வருஷம் மே மாதம் 9-ந் தேதி பாரிஸில் காலமானார்.

அன்று அவர் காட்டிய வழியே இன்றைய ஆராய்ச்சி விமானங்களின் வழியும் ஆகும். இவை குடுவைகளிலும் காற்றை நிரப்பிக்கொள்கின்றன. ஒளிக்கதிர்களைக் கொண்டு கரியமில வாயுவையும் மீதேனையும் பறக்கும்போதே அளக்கவும் செய்கின்றன. 2009 முதல் 2011 வரை அமெரிக்க ஆராய்ச்சி விமானம் ஒன்று, வடதுருவப் பிரதேசத்திலிருந்து தென்துருவத்தை அடுத்த கடல்கள் வரை, ஏறியும் இறங்கியும் இவ்வாறு அளந்தது. கே லுஸாக் ஏறிய நாளில் பத்து லக்ஷம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காயிருந்த கரியமில வாயு இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. அது எங்கே புறப்பட்டு எங்கே செல்கிறது என்பதைத் தரையிலுள்ள கருவிகள் மட்டும் சொல்ல முடியாது. செயற்கைக் கோள்களின் மதிப்பும் சரிதானா என்று விமானம் சென்றே ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நமது ஆகாயத்தின் கதை என்ன? 2008-ல் பிராங்பர்ட்டுக்கும் சென்னைக்கும் இடையே பறந்த பிரயாணி விமானம் ஒன்றில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் கருவிகளை ஏற்றி, தென்மேற்குப் பருவக்காற்றின் காலத்தில் உயரே மீதேன் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். நம்மவர்களும் வாளாவிருக்கவில்லை. புனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி ஸ்தாபனத்தார் 2009 முதல் மேகங்களையும் நுண்தூசுகளையும் விமானத்தில் சென்று ஆராய்ந்திருக்கிறார்கள். இம்முயற்சி கரியமில வாயு, மீதேன் ஆகியவற்றின் கணக்குக்கும் தாராளமாக விரிய வேண்டும். நம் வயல்களும் ஆலைகளும் விடும் வாயுவின் கணக்கை அயலார் எழுத, நாம் கையெழுத்திடுவது சுதந்திர தேசத்துக்கு அழகன்று. அவர்கள் குறைத்துச் சொன்னாலும் கூட்டிச் சொன்னாலும் மறுத்துரைக்க நம்மிடம் சாக்ஷியம் வேண்டாமா? அன்று ஷாப்தால் ஒரு பலூனைக் கொடுத்தார். இன்று நமது சர்க்கார் விமானங்களைக் கொடுக்கட்டும். அவற்றில் ஏறிச் செல்லும் வாலிபர்களுக்கு இந்நாட்டில் பஞ்சமில்லை.