சுபாஷ் சந்திர போஸ்

சுபாஷ் சந்திர போஸ் (ஜனவரி 23, 1897 – ஆகஸ்ட் 18, 1945) இந்திய விடுதலைப் போராட்டத் தலைவர்களுள் ஒருவர். கட்டாக் நகரில் பிறந்தார். இந்தியக் குடிமைப் பணித் தேர்வில் தேறியும் 1921 இல் அப்பணியைத் துறந்தார்.

தலைவர் தேர்தல்

1938 இல் அரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்தபோது, பிற நாடுகளின் ஆட்சிமுறை எதுவாயினும் அவற்றோடு தொடர்பு கொள்ளத் தயங்கலாகாது என்றார். பின்னாளில் அவர் ஜெர்மனியையும் ஜப்பானையும் நாடியதன் வேரை இங்கே காணலாம். மியூனிக் உடன்பாட்டுக்குப் பின், ஐரோப்பியப் போர் நெருங்குவதால் இந்தியாவும் போராட்டத்துக்கு ஆயத்தமாக வேண்டும் எனப் பரப்புரை செய்தார்.

காங்கிரஸ் தலைவர் பெரும்பாலும் போட்டியின்றியே தெரிவாகிவந்தார். 1939 இல் மீண்டும் போட்டியிட்ட போஸ், தேர்தல் கொள்கை அடிப்படையில் நடைபெற வேண்டும் என்றார். காங்கிரஸ் தலைவரை அமெரிக்கக் குடியரசுத் தலைவருக்கு ஒப்பிட்டார். கொள்கையை வகுப்பது வேட்பாளர் அல்லர், காங்கிரசே என்பது வல்லபாய் பட்டேல் முதலியோரின் மறுப்பு. ஜனவரி 29 அன்று பட்டாபி சீதாராமையாவை வென்றார். எனினும் பட்டேல் தரப்பின் வாதமே நடைமுறையில் வென்றது எனலாம். பிரித்தானியாவுக்கு ஆறு மாதக் கெடு விதிக்கும் அவரது திட்டத்தைத் திரிபுரி மாநாடு ஏற்கவில்லை. ஏப்ரலில் பதவி விலகி, மே மாதம் பார்வர்டு பிளாக்கைத் தொடங்கினார்.

செப்டம்பர் 3, 1939 அன்று சென்னைக் கடற்கரைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, கூட்டத்திலிருந்த ஒருவர் கொடுத்த மாலை நாளிதழில் போர் மூண்ட செய்தியைக் கண்டார். அப்போது அவர் தலைவர் பதவியில் இல்லை.

பிற்காலம்

1941 இல் காவலிலிருந்து தப்பி ஜெர்மனி சென்றார். 1943 இல் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றார். மலாயாத் தமிழர் பலர் அதில் சேர்ந்தனர். தாய்வானில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் இறந்ததை முகர்ஜி ஆணையம் ஏற்கவில்லை. இந்திய அரசு 2006 இல் அவ்வறிக்கையை நிராகரித்தது.