மண்குடத்தில் தொடங்கிய மாபெரும் தொண்டு

1897-ஆம் ஆண்டின் கோடைக்காலம். வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டம் கடும் பஞ்சத்தின் பிடியில் சிக்கித் தவித்துக்கொண்டிருந்தது. 32 வயதுத் துறவி ஒருவர் கங்கைக் கரையோரமாக வடக்கு நோக்கித் தனியே நடந்துகொண்டிருந்தார். பலாசியைக் கடந்து தாத்பூர் என்னும் சிற்றூரை அவர் அடைந்தபோது, வழியில் ஒரு முஸ்லிம் சிறுமி தேம்பித் தேம்பி அழுதுகொண்டு நின்றாள். அவளது காலடியில் ஒரு மண்குடம் உடைந்து கிடந்தது. வீட்டில் தண்ணீர் கொண்டுவர வேறு பாத்திரம் இல்லை. வேறு குடம் வாங்கக் காசும் இல்லை. வெறுங்கையுடன் சென்றால் தாய் அடிப்பாளே என்ற அச்சம் வேறு.

துறவியிடம் இருந்த மொத்தச் செல்வம் நான்கணா. அதிலிருந்து அவளுக்கு ஒரு புதுக் குடமும், பசியாற்றச் சிறிது பொரியும் வாங்கிக் கொடுத்தார். அதைக் கண்டதும் பசித்த குழந்தைகள் பலர் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டனர். கையில் எஞ்சியிருந்த காசுக்கும் பொரி வாங்கிப் பகிர்ந்தளித்தார். தண்ணீர்க் குடம் ஒன்று உடைந்ததற்கே ஒரு குடும்பம் கலங்குமானால், அந்த நாட்டுப்புறத்தின் வறுமை எத்தகையது என்பது அக்கணமே அவருக்கு விளங்கிவிட்டது.

அவர்தான் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணரின் நேரடிச் சீடரான சுவாமி அகண்டானந்தர். தாத்பூரில் கண்ட அந்தக் காட்சி, எங்கும் தங்காது திரிந்துகொண்டிருந்த அந்தப் பரிவிராஜகரை வாழ்நாள் முழுவதும் ஒரே வட்டாரத்து மக்களோடு பிணைத்துவிட்டது.

ஆசாரத்திலிருந்து அன்புக்கு

அகண்டானந்தரின் பூர்வாசிரமப் பெயர் கங்காதரர். 1864 செப்டம்பர் 30-ஆம் நாள் கல்கத்தாவின் ஆகிரிதோலாப் பகுதியில், ஆசாரம் மிக்க அந்தணர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே நியமங்களில் அவருக்கு இருந்த பிடிப்பு வியப்புக்குரியது. நாளொன்றுக்குப் பலமுறை கங்கையில் நீராடுவார். தம் கையால் சமைத்த ஹவிஷ்யான்னத்தை ஒரு வேளை மட்டும் உண்பார். பிறர் சமைத்ததைத் தொடமாட்டார்.

தட்சிணேசுவரத்தில் ஸ்ரீராமகிருஷ்ணரின் திருவடிகளை அடைந்தபோது, இளைஞரின் இந்தக் கடுமை முதியவர்களுக்குரியது என்று குருதேவர் கனிவோடு உணர்த்தினார். உணவு விதிகளைப் பொருட்படுத்தாத நரேந்திரரிடம் சென்று பழகும்படியும் பணித்தார். ஆசாரம் தூய்மைக்கு ஒரு துணைதான் என்பதையும், அதுவே மனிதனுக்கும் மனிதனுக்கும் நடுவே சுவராக எழுந்துவிடலாகாது என்பதையும் கங்காதரர் அங்கே கற்றார். இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றிப் பிணியாளர்களைத் தூய்மை செய்யப்போகும் கைகளை குருதேவர் அன்றே பக்குவப்படுத்திவிட்டார் போலும்!

குருதேவரின் மகாசமாதிக்குப் பின் 1887-இல் கங்காதரர் இமயத்தை நோக்கிப் புறப்பட்டார். மூன்று ஆண்டுகள் இமயத்திலும் திபெத்திலும் கழிந்தன. பனிமலைகளின் பேரமைதியில் அவர் உள்ளம் தோய்ந்தது. ஆயினும் திபெத்தில் ஏழை மக்கள் படும் துயரைக் கண்டபோது அதே உள்ளம் கொதித்தது. தியானத்தில் நாட்டமும் ஏழையிடம் இரக்கமும் அவருக்குள் இணைந்தே வளர்ந்தன.

கேத்ரியில் கற்ற பாடம்

இமயத்திலிருந்து திரும்பியபின் சுவாமிகள் குஜராத்திலும் இராஜபுதனத்திலும் சுற்றித் திரிந்தார். ஜாம்நகரில் ஜண்டு பட் என்ற புகழ்பெற்ற ஆயுர்வேத வைத்தியரின் வீட்டில் தங்கினார். ஏழை நோயாளிகளிடம் அந்த வைத்தியர் காட்டிய பரிவு, துறவியான அவருக்கே வழிகாட்டியது. அரண்மனைகளின் ஆடம்பரத்தையும் அவற்றின் நிழலிலேயே வாழ்ந்த குடிமக்களின் அவலத்தையும் அருகருகே கண்ட அவர், இத்துயரின் வேர் கல்வியின்மையே என்ற முடிவுக்கு வந்தார். தம் உள்ளக்கிடக்கையை அமெரிக்காவில் இருந்த சுவாமி விவேகானந்தருக்குக் கடிதமாக எழுதினார்.

பதில் வந்தது. கேத்ரி நகரின் ஏழைகளிடமும் தாழ்த்தப்பட்டவர்களிடமும் வீடு வீடாகச் செல்லுமாறும், சமயத்தோடு பூகோளம் முதலியவற்றையும் வாய்மொழியாகவே கற்பிக்குமாறும் சுவாமிஜி எழுதியிருந்தார். ஏழைகளையும் எழுத்தறிவில்லாதவர்களையும் துன்புற்றவர்களையுமே தெய்வமாகக் கொள்ளவேண்டும் என்பது அவரது கட்டளை.

1894-இல் அகண்டானந்தர் கேத்ரியில் இப்பணியைத் தொடங்கினார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமாறு வீடுதோறும் சென்று மன்றாடினார். 80 மாணவர்கள் இருந்த உள்ளூர்ப் பள்ளியில் 257 பேர் சேர்ந்தனர். பரம்பரை அடிமைகளாக நடத்தப்பட்ட கோலாக்களின் பிள்ளைகளுக்குக் கல்வி மறுக்கப்பட்டிருந்ததை அறிந்ததும் ராஜா அஜித் சிங்கிடம் வாதாடி, அவர்களுக்கும் பள்ளிக் கதவைத் திறக்கச் செய்தார். சுற்றியிருந்த கிராமங்களிலும் பள்ளிகள் தோன்றின. உதயப்பூர்ப் பகுதியில் பீல் பழங்குடியினரின் நிலையைக் கண்டு உருகி, அவர்கள் வயிறார உண்ண ஏற்பாடு செய்தார். பள்ளியின் வாசல் கடைசி மனிதனுக்கும் திறக்கும்வரை கல்விப்பணி நிறைவு பெறாது என்பது இராஜபுதனம் அவருக்குத் தந்த பாடம்.

மகுலாவில் நின்ற கால்கள்

மீண்டும் தாத்பூருக்கு வருவோம். அங்கே கவனிப்பாரற்றுப் பிணியில் கிடந்த மூதாட்டி ஒருத்திக்கும் சுவாமிகள் தம் கைகளாலேயே பணிவிடை செய்தார். பின்பு பெல்டாங்கா, பாப்தா வழியாக மகுலா வந்து சேர்ந்தார். கையில் காசில்லை, துணைக்கும் ஆளில்லை. துறவி தம் வழியே போய்விடலாம் என்று மனம் ஒருபுறம் இழுத்தது. எங்கே போகிறாய், உனக்கு இங்கே நிறையப் பணி இருக்கிறது என்று உள்ளிருந்து எழுந்த குரலோ அவரைத் தடுத்து நிறுத்தியது.

பட்டினியில் வாடும் மக்களை விட்டு நகரமாட்டேன் என்று உறுதி பூண்டு, ஆலம்பஜார் மடத்துச் சகோதரத் துறவிகளுக்கு எழுதினார். செய்தியறிந்த சுவாமிஜி உதவிக்கு இருவரைப் பொருளுடன் அனுப்பிவைத்தார். 1897 மே 15-ஆம் நாள் மகுலாவில் நிவாரணப் பணி தொடங்கியது. ராமகிருஷ்ண மிஷன் தோன்றி அப்போது இரண்டு வாரங்களே ஆகியிருந்தன. மிஷன் முறைப்படி மேற்கொண்ட முதல் நிவாரணப் பணி இதுவே. மாவட்ட மாஜிஸ்திரேட் லெவிஞ்சும் இப்பணிக்குத் துணைநின்றார்.

பஞ்சம் தணிந்தது. ஆனால் பெற்றோரை இழந்த குழந்தைகள் எங்கே போவார்கள்? ஒரு வேளை சோற்றால் அவர்களது வாழ்க்கை நிமிர்ந்துவிடுமா? இக்கேள்விகளின் விடையாகத் தோன்றியதே அனாதைச் சிறுவர்களுக்கான ஆசிரமம்.

மதத்தைத் தீண்டாத கல்வி

முர்ஷிதாபாத் நவாபுகளின் பழைய தலைநகர். அதன் கிராமங்களில் முஸ்லிம்களும் இந்துக்களும் அடுத்தடுத்து வாழ்ந்தனர். இந்துக்களுக்குள்ளேயோ எத்தனையோ சாதிப் பிரிவுகள்! இத்தகைய இடத்தில் அனாதைக் குழந்தையை ஏற்று வளர்ப்பது எளிய செயலன்று. பசித்த குழந்தைக்குச் சோறிடும் கை, அதன் மதத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டுவிடுமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. அடைக்கலம் கொடுப்பவர் அந்தக் குழந்தையின் உண்மையான நலனையே நாடுகிறாரா என்பதற்கு இதைவிடக் கடுமையான சோதனை வேறில்லை.

சுவாமிஜி இதில் தெளிவான நெறியை வகுத்துத் தந்தார். 1897 அக்டோபரில் மரீ என்னும் மலைநகரிலிருந்து அகண்டானந்தருக்கு எழுதிய கடிதத்தில், முஸ்லிம் சிறுவர்களையும் சேர்த்துக்கொள்ளுமாறும், அவர்களது மதத்தில் ஒருபோதும் தலையிடக் கூடாது என்றும் வலியுறுத்தினார். அவர்களுடைய உணவு முதலியவற்றுக்குத் தனி ஏற்பாடு செய்தால் போதும். ஒழுக்கமும் ஆண்மையும் பிறர்நலத் தொண்டும் உடையவர்களாக அவர்கள் வளரவேண்டும். அதற்கான கல்வியைத் தருவதே ஆசிரமத்தின் கடமை.

இந்த நெறியில் ஆழ்ந்த வேதாந்த உண்மை அடங்கியுள்ளது. எல்லா மதங்களும் ஒரே பரம்பொருளை அடையும் வழிகள் என்பதைக் குருதேவர் தம் சாதனைகளால் நிறுவினார். அவ்வாறிருக்க, ஒரு குழந்தையை அதன் வழியிலிருந்து விலக்கத் தேவை ஏது? அக்குழந்தைக்குள் உறையும் இறைவனுக்கு உணவும் அறிவும் படைப்பதே பூஜை. குருவின் அனுபவம் சீடரின் கையில் பள்ளிக்கூடமாக உருவெடுத்தது.

நாற்பதாண்டுத் தவம்

ஆசிரமத்துக்கென்று சொந்த இடம் இல்லை. மகுலாவில் தொடங்கி, பின்னர் சிவநகரில் இரவல் இடத்தில் ஆண்டுகள் பல கழிந்தன. 1913-இல்தான் பஹரம்பூருக்குத் தெற்கே உள்ள சார்காச்சியில் சொந்த நிலத்துக்கு ஆசிரமம் இடம்பெயர்ந்தது.

சுவாமிகள் தந்த கல்வி, கிராம வாழ்க்கையோடு ஒட்டியது. எழுத்தும் கணக்கும் கற்ற சிறுவர்கள் நெசவும் தச்சும் தையலும் பழகினர்; பட்டுப்புழு வளர்ப்பும் கற்றனர். பட்டுக்குப் பெயர்பெற்ற அம்மண்ணில், கையில் ஒரு தொழில் உள்ளவன் பிறரிடம் கையேந்த மாட்டான் என்பதை அவர் அறிந்திருந்தார். காசிம்பஜார் மகாராஜா மணீந்திர சந்திர நந்தி நடத்திய பொருட்காட்சிகளில் இச்சிறுவர்களின் கைத்திறன் பரிசுகளைப் பெற்றது. உழைப்பாளிகளுக்கு இரவுப் பள்ளியும் பிணியாளர்களுக்கு இலவச மருந்தகமும் நடைபெற்றன.

1902-இல் சுவாமிஜி மறைந்தபோது அகண்டானந்தர் பெரிதும் இடிந்துபோனார். வறுமையும் காய்ச்சலும் அவரை அடிக்கடி வாட்டின. எனினும் அவர் அக்குழந்தைகளைக் கைவிடவில்லை. இமயத்தின் குகைகளில் தேடிய அமைதியை, தாயற்ற பிள்ளைகளின் நடுவே அவர் கண்டார். சுற்றுவட்டார மக்களுக்கு அவர் பாபா, அதாவது தந்தை.

1934-இல் மகாபுருஷர் சிவானந்தரின் மறைவுக்குப் பின் ராமகிருஷ்ண மடம், மிஷன் ஆகியவற்றின் மூன்றாவது தலைவராக அகண்டானந்தர் பொறுப்பேற்றார். அதன்பின்னும் அவர் பெரும்பாலும் சார்காச்சியிலேயே வாழ்ந்தார். அவ்வாண்டு பீகாரைப் பெரும் பூகம்பம் தாக்கியபோது, எழுபதை நெருங்கிய அந்த வயதிலும் முங்கேர் சென்று துன்புற்றோருக்கு ஆறுதல் அளித்தார். 1937 பிப்ரவரி 7-ஆம் நாள் பேலூர் மடத்தில் அவர் மகாசமாதி எய்தினார். அவர் நட்ட வித்து சார்காச்சியில் இன்றும் கல்விப்பணியாகத் தழைத்து நிற்கிறது.

அகண்டம் என்றால் துண்டுபடாதது. ஊராலும் சாதியாலும் மதத்தாலும் துண்டுபட்டுக் கிடந்த மக்களிடையே அந்த அகண்டப் பொருளைக் கண்டு தொண்டாற்றியவர், தம் துறவுப் பெயருக்கு வாழ்க்கையாலேயே பொருள் உரைத்தார். அத்தொண்டின் தொடக்கத்தில் அவர் கையில் திட்டமும் இல்லை, நிதியும் இல்லை. இருந்தது நான்கணா, அதையும் முதலில் ஒரு சிறுமியின் குடத்துக்காகச் செலவிட்டார். நம் வழியிலும் உடைந்த குடத்துடன் யாரேனும் நிற்கக்கூடும். அங்கே ஒரு கணம் நிற்கும் மனத்தை பகவான் நமக்கு அருள்வாராக!