மனைவியின் காலுறைகளை ஊசியால் குத்திய கோட்டு: ராணுவ உருமறைப்பு உடைக்கு வழிகாட்டிய ஓவியர் அபட் தேயர் யார்?

1915ஆம் ஆண்டு. முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் போர் அலுவலகத்தில் தளபதிகள் முன்னிலையில் ஒரு பொட்டலம் பிரிக்கப்பட்டது. கொண்டுவந்தவர் சாதாரண ஆள் இல்லை. அந்தக் காலத்தின் புகழ்பெற்ற ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜன்ட்.

பொட்டலத்துக்குள்ள இருந்து விழுந்தது ஒரு பழைய கோட்டு. அதன் மேல் அங்கங்கே பெயின்ட் பூசப்பட்டிருந்தது. துணிக் கிழிசல்கள் ஊசியால் குத்தி வைக்கப்பட்டிருந்தன. அவற்றோடு ஒரு பெண்ணின் பழைய காலுறைகளும் தொங்கின. சார்ஜன்டுக்கு மானமே போன மாதிரி ஆகிவிட்டது. அவர் கண்ணுக்கு அது வெறும் கந்தல் மூட்டை.

ஆனா அந்தக் கோட்டைத் தயாரித்தவருக்கு அது இருபது ஆண்டு ஆராய்ச்சியின் முடிவு. காட்டில் ஒரு மனிதன் எதிரியின் கண்ணில் படாமல் இருப்பது எப்படி என்பதற்கான விடை. அவர் பெயர் அபட் ஹேண்டர்சன் தேயர். காலுறைகள் அவருடைய மனைவி எம்மாவுடையவை.

சரி, அந்தக் கோட்டைத் தயாரித்தவர் ஏன் அந்த அறையில் இல்லை? அவர் அப்போது எங்கே இருந்தார்?

காட்டில் வளர்ந்த பையன்

1849ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தேயர் பிறந்தார். அப்பா ஒரு கிராமத்து டாக்டர். சிறுவயதிலேயே குடும்பம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் கீன் என்ற ஊர்ப் பக்கம் குடிபோனது. அருகிலேயே மொனாட்நாக் மலை. சுற்றிலும் காடு.

அந்தக் காடுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். பறவைகளைத் தேடி அலைவது, வேட்டையாடுவது, பொறி வைப்பது, செத்த பறவையைப் பாடம் செய்து வைப்பது என்றே பொழுது போனது. ஆடுபானின் பறவை ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து, தானும் விலங்குகளை வரையத் தொடங்கினார்.

பிறகு நியூயார்க்கில் ஓவியம் படித்தார். 1875இல் கேட் என்ற பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு பாரிஸ் போனார். அங்கே ஜெரோம் போன்ற பெரிய ஓவியர்களிடம் பயிற்சி பெற்றார். ஊர் திரும்பியதும் உருவப்பட ஓவியராக நல்ல பெயர் கிடைத்தது.

வீட்டுக்குள் விழுந்த இடிகள்

பெயர் வந்த நேரத்திலேயே துயரமும் வந்தது. சிறுவயதிலேயே இரண்டு மகன்களைத் தேயர் தம்பதி அடுத்தடுத்துப் பறிகொடுத்தார்கள். பின்னர் கேட்டின் மனநலமும் குலைந்தது. கடும் மனச்சோர்வுக்கு ஆளாகி மனநலக் காப்பகத்தில் சேர்க்கப்பட்டார். 1891இல் இறந்தும்போனார்.

மேரி, ஜெரால்ட், கிளாடிஸ் என்ற மூன்று பிள்ளைகள் மிஞ்சினார்கள். இந்தக் காலத்தில்தான் மகள் மேரியை மாடலாக வைத்து, இறக்கையுள்ள தேவதை ஓவியத்தை தேயர் வரைந்தார். அமெரிக்கா முழுக்க அவரைத் தெரிய வைத்த படம் அது. குடும்ப நண்பரான எம்மா பீச்சை அவர் பிறகு மறுமணம் செய்துகொண்டார். பிள்ளைகளையும் வீட்டையும் தூக்கி நிறுத்தியது எம்மாதான்.

தேயரின் மனமும் ஒரே நிலையில் இருக்காது. சில நாள் உற்சாகத்தின் உச்சம், சில நாள் பாதாளம். இரண்டுக்கும் நடுவே ஊசல் மாதிரி ஆடிக்கொண்டிருப்பதை அவரே உணர்ந்திருந்தார். 1901இல் நகரத்தை விட்டுவிட்டு, மொனாட்நாக் மலையடிவாரத்தில் உள்ள டப்ளின் என்ற ஊரிலேயே நிரந்தரமாகக் குடியேறினார். கடும் குளிர்காலத்திலும் வெட்டவெளியில் படுத்துத் தூங்குவது அந்த வீட்டு வழக்கம்.

மூன்று உருவங்கள், ஒரு விதி

விலங்குகள் எப்படி மறைகின்றன? சுற்றுப்புறத்தின் நிறத்திலேயே இருந்தால் போதும் என்றுதான் அதுவரை பலரும் நினைத்திருந்தார்கள். அது போதாது என்பதை ஓவியரான தேயர் கண்டுபிடித்தார்.

காரணம் எளிது. வெளிச்சம் மேலிருந்து வருகிறது. அதனால் எந்தப் பொருளின் மேல்பக்கமும் பளிச்சென்று தெரியும், அடிப்பக்கத்தில் நிழல் விழும். இந்த வெளிச்சமும் நிழலும்தான் ஒரு பொருள் உருண்டையாக, கனமாக இருப்பதை நம் கண்ணுக்குக் காட்டிக்கொடுக்கிறது. தட்டையான தாளில் ஓவியர் ஒரு பழத்தை வரையும்போது செய்வதும் இதைத்தான்.

இயற்கை இதைத் தலைகீழாகச் செய்கிறது. மான், முயல், மீன், காட்டுப் பறவைகள் எனப் பல உயிர்களுக்கு முதுகு கருமையாகவும் வயிறு வெளுப்பாகவும் இருக்கும். வெளிச்சம் படும் இடத்தில் கருமை, நிழல் விழும் இடத்தில் வெண்மை. இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால் உடல் தட்டையாகத் தெரிந்து பின்னணியோடு கரைந்துவிடுகிறது.

1896இல் இதை அவர் கட்டுரையாக எழுதினார். அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் கூடிய அமெரிக்கப் பறவையியலாளர்களுக்கு நேரிலேயே செய்தும் காட்டினார். சர்க்கரைவள்ளிக் கிழங்கு போன்ற மூன்று உருவங்களைக் கம்பியில் தரைக்குச் சற்று மேலே நிறுத்தி, மூன்றின் மீதும் அதே தரையின் மண்ணைத் தூவி ஒட்டினார். நிறம் தரையோடு ஒத்துப்போனாலும் மூன்றும் நன்றாகவே தெரிந்தன. பிறகு ஓரத்தில் இருந்த இரண்டின் அடிப்பக்கத்துக்கு மட்டும் வெள்ளை பூசினார். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் அந்த இரண்டும் காணோம்! நடுவில் இருந்தது மட்டும் அப்படியே தெரிந்தது.

இன்றும் இது தேயர் விதி என்றே அழைக்கப்படுகிறது.

உருவத்தை உடைப்பது எப்படி?

அவர் கவனித்த இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியமானது. ஒரு உருவத்தை நாம் அடையாளம் காண்பது அதன் விளிம்பை வைத்துத்தான். பெரிய, மாறுபட்ட நிறத் திட்டுகள் அந்த விளிம்பை வெட்டிக்கொண்டு போனால், கண் அதை ஒரே பொருளாகச் சேர்த்துப் பார்க்காது. ஒரு திட்டு இலையாகத் தெரியும், இன்னொன்று நிழலாகத் தெரியும். மொத்த உருவம் உடைந்துபோகும்.

இதை விளக்க அவர் கையாண்ட உத்தி ரொம்ப எளிமையானது. ஒரு அட்டையில் விலங்கின் வடிவத்தை வெட்டி எடுத்துவிடுவது. அந்த ஓட்டை வழியாகக் காட்டைப் பார்ப்பது. ஓட்டைக்குள் என்னென்ன நிறங்கள், கோடுகள், நிழல்கள் தெரிகிறதோ, அதுதான் அந்த இடத்தில் மறைய வேண்டிய உடலின் மேல் இருக்க வேண்டிய வடிவமைப்பு. காய்ந்த சருகுகளுக்கு நடுவே படுத்திருக்கும் காப்பர்ஹெட் பாம்பை அவர் இப்படித்தான் ஓவியமாக விளக்கினார்.

1909இல் மகன் ஜெரால்ட் எழுத, விலங்குகளின் மறைப்பு நிறங்கள் பற்றிய பெரிய புத்தகம் வெளியானது. அதில் வரும் காட்டு மயில் ஓவியம் ரொம்பப் பிரபலம். அத்தனை பளபளப்பான மயிலின் நீலக் கழுத்து, இலைகளுக்கு நடுவே தெரியும் வானத்தில் கலந்து காணாமல் போகும்.

ரூஸ்வெல்ட்டோடு மோதல்

சிக்கல் ஆரம்பித்ததும் இந்தப் புத்தகத்தில்தான். பெரும்பாலான விலங்குகளின் நிறம் மறைவதற்காகவே என்று தேயர் அடித்துச் சொன்னார். செந்நிறப் பூநாரைகூட, சூரியன் உதிக்கும்போதும் மறையும்போதும் வானத்தின் சிவப்பில் மறைவதற்காகவே அந்த நிறத்தில் இருக்கிறதாம்.

முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அனுபவமுள்ள வேட்டைக்காரர். ஆப்பிரிக்கக் காடுகளில் அலைந்து திரும்பியவர். இதையெல்லாம் அவர் எழுத்தில் கிழித்துத் தொங்கவிட்டார். பூநாரை நாள் முழுக்கப் பளிச்சென்று தெரியும்போது, அந்தச் சில நிமிடங்களை வைத்து ஒரு விதியை எழுத முடியுமா என்பதே அவர் வாதத்தின் சாரம்.

இந்த விஷயத்தில் ரூஸ்வெல்ட் பக்கம் நியாயம் இருந்தது. இணையைக் கவர்வதற்கும், எச்சரிப்பதற்கும்கூட விலங்குகள் நிறத்தைப் பயன்படுத்துகின்றன. தேயர் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பிடிவாதத்தால் அவருடைய சரியான கண்டுபிடிப்புகளையும் பலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள்.

காக்கி போதாது

விலங்குக்குப் பொருந்தும் விதி மனிதனுக்கும் பொருந்தும் என்பதில் தேயருக்குச் சந்தேகமே இல்லை. 1898இல் ஸ்பெயினோடு போர் வந்தபோதே, போர்க்கப்பல்களுக்கு இப்படி நிறம் பூசலாம் என்று அமெரிக்கக் கடற்படைக்கு யோசனை கொடுத்தார். 1902இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார்.

1914இல் உலகப் போர் மூண்டது. பிரிட்டிஷ் வீரர்கள் ஒரே நிறக் காக்கி உடையில் போனார்கள். மண் நிறம்தானே, மறைந்துவிடும் என்பது ராணுவத்தின் கணக்கு. ஆனா மண் ஒட்டிய அந்தக் கிழங்கு உருவம் மாதிரி, மண் நிற மனிதனும் மனிதனாகவே தெரிவான். தலை, தோள், கை என்று விளிம்பு முழுசாகத் தெரியும். காக்கிக்குப் பதிலாக உருவத்தை உடைக்கும் திட்டு உடை கொடுங்கள் என்று தேயர் கேட்டார். அவர் பார்வையில் இது கலை விவாதம் இல்லை, உயிர்ப் பிரச்சினை.

சார்ஜன்ட் பேசி, போர் அலுவலகத்தில் சந்திப்புக்கு ஏற்பாடு செய்தார். தேயர் தனியாகக் கப்பல் ஏறி இங்கிலாந்து போனார். ஆனா நேராக லண்டன் போகவில்லை. லிவர்பூல், எடின்பரோ என்று சுற்றி, தன்னை ஆதரிக்கும் இயற்கையியலாளர்களுக்குச் செயல்விளக்கம் காட்டிக்கொண்டிருந்தார். நம்பாத மனிதர்கள் முன்னால் நிற்பது என்றாலே அவருக்கு நடுக்கம்.

கடைசியில் லண்டன் வந்து சேர்ந்தபோது உடலும் மனமும் ஓய்ந்திருந்தன. தெருவில் கண்ணீர் வழிய நடந்துகொண்டிருந்தார். அடுத்த கப்பலைப் பிடித்து அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டார். ஹோட்டலில் அவர் விட்டுப்போன பொட்டலத்தைத்தான் சார்ஜன்ட் தளபதிகளிடம் எடுத்துப் போனார். விளக்கிச் சொல்ல வேண்டியவர் இல்லாமல், கோட்டு மட்டும் போய்ச் சேர்ந்தது.

அந்தக் கோட்டில் என்ன இருந்தது?

இன்று காட்டில் மறைந்திருக்க உடை தைப்பவர்கள் செய்வதெல்லாம் அதில் இருந்தது. அடிப்படை ஒரு பழைய கோட்டு. அதன் சீரான நிறத்தை உடைக்கப் பெயின்ட் திட்டுகள். விளிம்பை உடைக்கத் தொங்கும் துணிகள்.

இதே எண்ணம் வேறொரு வழியிலும் ராணுவத்துக்குள் வந்தது. ஸ்காட்லாந்தின் எஸ்டேட்களில் வேட்டைக்கு வழிகாட்டும் பணியாளர்களுக்கு கில்லி என்று பெயர். அவர்களை வைத்து 1900இல் லோவட் ஸ்கவுட்ஸ் படை உருவானது. சாக்கு நார், துணிக் கிழிசல்கள் தொங்கும் உடைக்கு இன்றும் கில்லி சூட் என்றே பெயர்.

வனவிலங்குப் புகைப்படக்காரர்கள் இன்று சொந்தமாக இதைச் செய்யும்போது, பழைய உடையின் மேல் வலையைத் தைத்து, அதில் சாயம் ஏற்றிய சணல் துண்டுகளை முடிச்சுப் போடுகிறார்கள். தலையும் தோளும்தான் மனிதனைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அங்கே அடர்த்தி அதிகம். நிறத்தைக் கடையில் முடிவு செய்யாமல், போகப்போகும் இடத்தையும் பருவத்தையும் பார்த்து முடிவு செய்கிறார்கள். அட்டை ஓட்டை வழியாகத் தேயர் பார்த்ததும் அதைத்தானே? சணல் சட்டென்று தீப்பிடிக்கும், நனைந்தால் கனக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எவ்வளவு நல்ல உடையாக இருந்தாலும் அசைந்தால் மறைப்பு போச்சு.

மலையில் கலந்த சாம்பல்

ஊர் திரும்பிய தேயருக்கு நிம்மதி கிடைக்கவில்லை. 1916இல் மனம் முறிந்து, ஓய்வுக்காக வீட்டை விட்டு வெளியே அனுப்பப்பட்டார். 1917இல் அமெரிக்கா போரில் இறங்கியதும் உருமறைப்புக்கென்றே ஓவியர்கள் ராணுவத்தில் சேர்க்கப்பட்டார்கள். அதில் முன்னின்றவர்களில் ஒருவர், அவருடைய உறவினரும் மாணவருமான பேரி ஃபாக்னர். ஆனா தன் விதிகளைப் புரிந்துகொள்ளாதவர்கள் எல்லாம் நிபுணர் பட்டம் கட்டிக்கொள்கிறார்களே என்ற ஆதங்கம் தேயரை அரித்தது. பத்திரிகைகளுக்கும் அதிகாரிகளுக்கும் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார்.

1921ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி, அடுத்தடுத்த பக்கவாதத் தாக்குதல்களுக்குப் பிறகு அவர் இறந்தார். அவருடைய சாம்பல் மொனாட்நாக் மலையில் தூவப்பட்டது.

1940இல் பிரிட்டிஷ் விலங்கியலாளர் ஹியூ காட் விலங்கு நிறங்கள் பற்றி எழுதிய பெரிய நூல், தேயரின் மிகைகளை ஒதுக்கிவிட்டு, அடிப்படை விதிகளை உறுதிப்படுத்தியது. 2005இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் செயற்கை அந்துப்பூச்சிகளைக் கருவாலி மரங்களில் பொருத்தி ஒரு சோதனை நடத்தினார்கள். விளிம்பை வெட்டும் திட்டுகள் இருந்தவற்றைப் பறவைகள் குறைவாகவே கண்டுபிடித்தன. தேயர் சொன்னது உண்மைதான் என்று பறவைகளே சாட்சி சொல்லிவிட்டன.

இன்று உலகின் ராணுவங்கள் திட்டுத் திட்டான உடையைத்தான் அணிகின்றன. அவற்றைப் பார்த்து யாரும் கந்தல் என்று முகம் சுளிப்பதில்லை.